மஞ்சள், செலரி, செங்காந்தள்: மூளை அழற்சியும் நம் பெருமிதமும்

எங்கள் நண்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிற்றிதழ்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் மெய்ப்புப் பார்த்தவர் அவர். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி எங்களில் யாருக்கு ஐயம் எழுந்தாலும் அவரைத்தான் கேட்போம். அன்று காலை கையிலிருந்த காபித் தம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. மனைவியைப் பெயர் சொல்லி அழைக்க முயன்றபோது பொருளற்ற வேறொரு சொல் வந்து விழுந்தது. 'வாயுப் பிடிப்புத்தான், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்' என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, தைலம் தேய்ப்பதிலும் சுக்குக் கஷாயம் புகட்டுவதிலும் முற்பகல் கழிந்தது. நல்லவேளையாகக் கஷாயம் புரையேறவில்லை. மருத்துவமனையை அடைந்தபோது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் கடந்திருந்தது. வலக்கை ஓரளவு மீண்டது. சொற்கள் மீளவில்லை.

அக்கம்பக்கத்தாரைக் குறைசொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. அதற்குப் பின் நாங்கள் செய்ததும் அதே வகையானதுதான். மஞ்சளிலுள்ள குர்குமின் மூளை அழற்சியைத் தணிக்கிறது என்று எழுதப்பட்ட கட்டுரைகளை அந்தக் குடும்பத்துக்கு மாறி மாறி அனுப்பினோம். எங்களில் ஒருவர் மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் மாத்திரைக் குப்பியே வாங்கிக் கொடுத்தார். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மருந்து உண்டுவந்தவர் நண்பர். அடுத்த முறை பார்த்த மருத்துவர் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதை யார் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டாராம். அன்று எங்களுக்கு உண்டான வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். அனுப்புமுன் படித்திருக்க வேண்டியதை அதன்பிறகுதான் படித்தோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர், வாசகர்கள். வாசகர் என்ற நிலையில் எங்களுக்குச் சில கருத்துகள் உண்டு.

முதலில் நிகழ்வது என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். பக்கவாதங்களில் பெரும்பான்மை, மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. எஞ்சியவை குழாய் வெடித்துக் கசிவதால் வருபவை. பெருங்குழாய் ஒன்று அடைபட்டு மருத்துவமின்றி விடப்பட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசி 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதலில் 3 மணி நேரம் என்றிருந்த அதன் வரம்பு 2008இல் வெளிவந்த ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரமாக நீண்டது. குழாய்க்குள் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015இல் நிலைபெற்றது. 2018 முதல், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படுகிறது.

இது முதல் அங்கம். அடைப்பு நிகழ்ந்த சில மணி நேரத்திலேயே இரண்டாம் அங்கம் தொடங்கிவிடுகிறது. நாள்கணக்கில், சிலபோது வாரக்கணக்கில் அது நீள்கிறது. அதைத்தான் அழற்சி என்கிறோம். 1919இல் ஸ்பானிய அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா அடையாளம் கண்டு பெயரிட்ட மைக்ரோக்ளியா என்னும் அணுக்கள் மூளையின் காவலர்கள். நரம்பணுக்கள் மடிந்து சிதறும்போது இவை விழித்துக்கொள்கின்றன. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்புச்சுவர் நெகிழ்கிறது. ரத்த வெள்ளையணுக்கள் உள்ளே நுழைகின்றன. நீர் கோத்து மூளை வீங்குகிறது. அடைப்பினால் சாகாமல் விளிம்பில் தத்தளித்துக்கொண்டிருந்த அணுக்களும் இந்த அமளியில் மடிகின்றன. கட்டியைக் கரைக்க நேரம் தவறியவர்களுக்கும் இந்த இரண்டாம் அங்கத்தில் எதையாவது காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. தாவரப் பொருள்கள் மீது ஆய்வாளர்களின் கண் விழுவதும் இங்கேதான்.

காரணம் எளிது. குர்குமின், ரெஸ்வெரட்ரால், குவெர்செட்டின் முதலான தாவர வேதிப்பொருள்களை ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் மைக்ரோக்ளியா மீது இட்டால் அழற்சிப் புரதங்கள் குறைகின்றன. மூளைக்குழாய் அடைக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தால் சேதப்பரப்பு சுருங்குகிறது. இவ்வகை ஆய்வுகள் பல வந்துள்ளன, அவை பொய்யல்ல. அந்த முடிவுகள் நம் ஊர் நாளிதழின் இணைப்பிதழுக்கு வந்து சேர்வதற்குள் 'மூளையைக் காக்கும் மஞ்சள்' ஆகிவிடுகின்றன. எலி காணாமற்போகிறது, கிண்ணம் காணாமற்போகிறது, நம் பாட்டி வந்து அமர்ந்துகொள்கிறாள்.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமற்போவது பக்கவாத ஆய்வின் தீராத் துயரம். 2006இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, அதுவரை ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கப்பட்ட 1,026 பக்கவாத சிகிச்சைகளைத் தொகுத்தது. அவற்றில் 114 மட்டுமே மனிதரிடம் சோதனைக்கு வந்திருந்தன. நிலைத்து நின்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எலி இளமையானது, அதற்குச் சர்க்கரை நோயில்லை, ரத்த அழுத்தமில்லை, எந்த நிமிடத்தில் குழாய் அடைபடும் என்பதும் ஆய்வாளருக்கு முன்பே தெரியும். நம் நண்பருக்கோ அறுபத்தெட்டு வயது.

மஞ்சளுக்குத் தனியாகவும் ஓர் இடர் உண்டு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்கே. அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகிலுள்ள பிப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினர். கேட்க இனிக்கும் செய்திதான். ஆனால் மிகச் சிறிய ஒன்றின் 20 மடங்கும் சிறிதாகவே இருக்கலாம். ஈரலின் வேலையைத் தடுத்தே பிப்பரின் இதைச் செய்கிறது என்பதால், நோயாளி உண்ணும் பிற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் மாறக்கூடும். 2017இல் வேதியியலாளர் சிலர் குர்குமின் பற்றிய நூல்களையும் ஆய்வுகளையும் திரட்டி எழுதிய நீண்ட மதிப்பீடு, இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனை ஒன்றில்கூட அது ஐயத்துக்கிடமின்றி வென்றதில்லை என்று முடித்தது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை உண்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்த நிகழ்வுகள் இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பின்னர் பதிவாயின. குழம்பில் இடும் மஞ்சளை யாரும் அஞ்ச வேண்டியதில்லை. குப்பியில் அடைத்து விற்பது வேறு பொருள்.

அப்படியானால் தாவரங்களிலிருந்து எதுவுமே தேறவில்லையா? தேறியிருக்கிறது. அந்தக் கதை நாம் எதிர்பார்க்கும் திசையிலிருந்து வரவில்லை என்பதுதான் செய்தி.

ஃபிரைடு ரைஸில் தூவப்படும் செலரியை நாம் அறிவோம். அதன் விதையில் முதலில் கண்டறியப்பட்ட பியூட்டைல்தாலைடு என்ற பொருளைச் சீனர்கள் பின்னர் ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றனர். 2002இல் சீனாவில் அது பக்கவாத மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஆயினும் திடமான சோதனை இல்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. 2023இல் வெளியான சோதனையில் 1,216 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் கட்டியைக் கரைக்கும் ஊசியோ கட்டியை எடுக்கும் சிகிச்சையோ பெற்றவர்கள். அதற்கு மேலாகப் பாதிப்பேருக்கு இம்மருந்தும் மீதிப்பேருக்கு மருந்தற்ற போலியும் தரப்பட்டன. 90 நாள்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தோர் மருந்து பெற்றவர்களில் 56.7 விழுக்காடு, பெறாதவர்களில் 44.0 விழுக்காடு.

இரண்டாவது, கற்பூரத்தின் உறவினன். சூடம் என்று நாம் கொளுத்துவது வேறு. சுமத்திராவிலும் போர்னியோவிலும் வளரும் ஒரு நெடுமரத்தின் வைரத்தில் பளிங்குபோல் உறைந்து கிடப்பது போர்னியால். பழங்காலத்தில் பொன்னுக்கு நிகராக விற்ற கற்பூரம் இதுதான். அதன் பெருஞ்சந்தை சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகம். அதன் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் என்னும் நம் வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் கற்பூர வகைகளில் 'வாறோசு' என்பது இந்தப் பாருஸையே குறிக்கும் என்பர். சீன மருத்துவம் இதைப் பிற மருந்துகளை மேலே இட்டுச்செல்லும் தூதுவனாகக் கருதியது. எடரவோன் என்ற ஜப்பானிய மருந்தோடு போர்னியாலின் ஒரு வடிவத்தைச் சேர்த்த கூட்டுமருந்து, 1,165 பேரிடம் எடரவோன் தனியாகத் தரப்பட்டதோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. 2021இல் வெளிவந்த முடிவின்படி நல்ல நிலை பெற்றோர் 67.18 விழுக்காடு, எடரவோன் மட்டும் பெற்றோரில் 58.97 விழுக்காடு. நாவுக்கடியில் வைக்கும் வடிவம் 914 பேரிடம் சோதிக்கப்பட்டு 2024இல் வெளியான முடிவும் இதே திசையைக் காட்டியது. (இதைப் படித்துவிட்டுப் பூசை அறைக் கற்பூரத்தை யாரும் விழுங்கிவிட வேண்டாம், வலிப்பு வரும்.)

இம்முடிவுகளையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். இவை சீனாவில், சீன நோயாளிகளிடம் நடந்தவை. பிற நாடுகளில் மீண்டும் நிறுவப்பட வேண்டும். இம்மருந்துகள் அழற்சியை மட்டும் தொடுவன அல்ல. வேறு வழிகளிலும் வேலை செய்வதாகச் சொல்லப்படுவதால், பலனில் எவ்வளவு பங்கு அழற்சி தணிந்ததால் வந்தது என்று பிரித்துச் சொல்வது அரிது. ஆயினும் ஒன்று தெளிவு. செலரியும் கற்பூரமும் இலையாகவோ கஷாயமாகவோ வரவில்லை. ஒற்றை மூலக்கூறாகப் பிரிக்கப்பட்டு, அளவு நிறுக்கப்பட்டு, ஆயிரம் பேரிடம் தோற்கும் வாய்ப்போடு களத்தில் இறக்கப்பட்டே வந்தன.

தோற்கும் வாய்ப்பு என்று சொன்னோம். அதற்கு நம் நிலத்துப் பூவையே சான்றாகக் காட்டலாம். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப்பட்டியலில் முதலில் நிற்பது செங்காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. உழவர்கள் அதைக் கண்வலிக்கிழங்கு என்பர். கலப்பைக்கிழங்கு என்பாரும் உண்டு. திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கங்களில் பந்தல் கம்பிகளில் ஏற்றி விதைக்காக அதைப் பயிரிடுகிறார்கள். விதையும் கிழங்கும் கொடிய நஞ்சு. கிழங்கை உண்டு மாண்டோர் தமிழகத்திலும் இலங்கையிலும் பலர். அந்த நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். சிற்றளவில் அது கீல்வாதத்துக்குப் பழைய மருந்து. அழற்சியைத் தணிப்பதில் வல்லது. மாரடைப்பு நோயாளிகளிடம் அது பயன்தரும் என்று 2019, 2020ஆம் ஆண்டுச் சோதனைகள் காட்டியபின், 2023இல் அமெரிக்கா அதை இதயநோய்க்கும் ஏற்றது.

மூளைக்கும் உதவுமா என்று கேட்பது இயல்புதானே? கேட்டார்கள். சீனாவில் 8,343 நோயாளிகளிடம், லேசான அல்லது நடுத்தரப் பக்கவாதம் வந்து ரத்தத்தில் அழற்சிக் குறி உயர்ந்திருந்தவர்களிடம், 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. மீண்டும் பக்கவாதம் வந்தோர் மருந்து பெற்றவர்களில் 6.3 விழுக்காடு, போலி பெற்றவர்களில் 6.5 விழுக்காடு. அதாவது வேறுபாடில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 3,154 பேரிடம் நெடுங்காலம் கொடுத்துப் பார்த்த சோதனையும் அதே ஆண்டில் வெளிவந்தது. அதுவும் உறுதியான பயனைக் காட்டவில்லை. இவை மறுதாக்குதலைத் தடுக்குமா என்று பார்த்த சோதனைகளேயன்றி, முதல் தாக்குதலின் சேதத்தைக் குறைக்குமா என்று பார்த்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும், அழற்சியைத் தணித்தால் எல்லாம் சரியாகும் என்ற எளிய நம்பிக்கைக்கு இவை ஓர் எச்சரிக்கை.

அழற்சி பகை மட்டுமன்று என்பதே இதற்கு அடிப்படை. மடிந்த அணுக்களை அகற்றிக் களத்தைத் துப்புரவாக்குவதும் மைக்ரோக்ளியாதான். பழுதுபார்க்கும் பணிக்கு வழிகோலுவதும் அதுவேதான். எந்த நாளில் அதை அடக்குவது, எந்த நாளில் அதன் போக்கில் விடுவது என்பது இன்னும் தீராத கேள்வி. வெள்ளையணுக்கள் மூளைக்குள் நுழையாமல் தடுக்க என்லிமோமாப் என்ற எதிர்ப்புப் புரதம் 625 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2001இல் வெளியான முடிவு: மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்தனர். அது தாவரப் பொருளன்று, ஆய்வுக்கூடத்தில் உருவானது. தாவரத்துக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு என்று எண்ண நியாயமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்; எங்கள் கூட்டத்திலேயே எழுந்தது. காப்புரிமை கிடைக்காத மூலிகைக்கு யார் பணம் போட்டுச் சோதனை நடத்துவார்கள்? நிறுவனங்களுக்கு லாபமில்லாததால்தானே நம் மருந்துகள் நிறுவப்படாமல் கிடக்கின்றன? இதில் உண்மை உண்டு. ஆனால் கோல்ச்சிசின் மிக மலிவான பழைய மருந்து. அதற்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்ட முடிந்திருக்கிறது. சீனர்கள் தம் மரபு மருந்துக் கூட்டொன்றை மூளை ரத்தக்கசிவு நோயாளிகள் 1,648 பேரிடம் சோதித்தார்கள். பயனில்லை என்று தெரிந்தது. அதை மறைக்காமல் 2024இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். தன் மரபின் மருந்து தோற்றதை உலகறிய அச்சிடும் அந்தத் துணிவை நாங்கள் மரபுப்பற்று என்றே எண்ணுகிறோம்.

நமக்கும் நிறுவனங்கள் இல்லாமலில்லை. சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2014 முதல் ஆயுஷுக்குத் தனி அமைச்சகமே இருக்கிறது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை எதிர்த்து வழக்காடி, 1997இல் அதை நீக்கவைத்தோம். அந்த வெற்றி நியாயமானது. மஞ்சள் புண்ணுக்கு மருந்து என்பது நமக்கு முன்பே தெரியும் என்று ஏடுகளால் நிறுவினோம். ஆனால் முன்பே தெரியும் என்பதை நிறுவ ஏடு போதும். பலிக்கும் என்பதை நிறுவ ஏடு போதாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதே நம் பிழை.

இலக்கிய வாசகர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஏடுகளோடு பழகியவர்கள் நாம். பாடபேதம் பார்க்காமல் ஒரு செய்யுளை நம்பமாட்டோம். இடைச்செருகலை மோப்பம் பிடிப்போம். உரையாசிரியர் சொன்னார் என்பதற்காக மட்டும் பொருள் கொள்ளமாட்டோம். அந்த விழிப்பை மூலிகைச் செய்தியைக் கண்டதும் ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்? சீனத்தின் து யூயூ பழைய மருத்துவ நூலொன்றில் சாறு பிழியும் முறையைக் கூர்ந்து படித்து, கொதிக்கவைப்பதால் மருந்து கெடுகிறது என்று ஊகித்தார். அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் மலேரியா மருந்தை அடைந்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். கூர்ந்த வாசிப்பும் இரக்கமற்ற சோதனையும் அங்கே ஒன்றாக நின்றன. முதலாவது நமக்குக் கைவந்தது. இரண்டாவதைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்குண்டு.

ஆகவே நாங்கள் வேண்டுவது மூன்று. நம் ஆய்வு நிறுவனங்கள் ஒரு தாவரப் பொருளையேனும் தேர்ந்து, பக்கவாத மருத்துவமனைகளோடு சேர்ந்து, முன்கூட்டியே பதிவுசெய்த முறையான சோதனை நடத்தட்டும், தோற்றாலும் வெளியிடட்டும். இதழ்கள் எலியில் கண்டதை எலி என்று எழுதட்டும். வாசகர்கள், மருந்து உண்டுவரும் நோயாளியின் வீட்டுக்கு எந்தக் குப்பியையும் மருத்துவரைக் கேளாமல் அனுப்பாதிருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று: முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சு குழறினால், வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைப்படம் எடுக்கும் வசதியும் கட்டி கரைக்கும் ஊசியும் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்று கையிலுள்ள மருந்துகளில் நேரத்தைவிடப் பெரியது எதுவுமில்லை. நல்ல முடிவு காட்டிய செலரி மருந்தும் விரைந்து வந்து சிகிச்சை பெற்றவர்களுக்கு மேலதிகமாகத் தரப்பட்டதே.

நண்பர் இப்போது வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறார். பெயர்ச்சொற்கள் சில வந்திருக்கின்றன. வினைச்சொற்கள் இன்னும் தயங்குகின்றன. சென்ற மாதம் எங்கள் மலரின் மெய்ப்புத் தாளை அவர்முன் வைத்தோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் பென்சிலை வாங்கி, ஒற்று விடுபட்ட ஓரிடத்தில் ஒரு கோடு இழுத்தார். என்ன ஒற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை. அது விடுபட்டிருந்தது என்பது எங்களில் மூவர் படித்தும் தெரியாமலிருந்தது.